150 கிராம் அரிசியும் ஒரு சத்திரசிகிச்சையும்

கைவிடப்பட்ட நாய்க்குட்டி ஒன்றுக்கு வீடு வேண்டும் என்று சாவகச்சேரியில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். நிறத்தையோ வயதையோ கேட்பதற்கு முன் "கடுவனோ, பெட்டையோ?" என்றுதான் கேட்பார்கள். கடுவன் என்றால் பேச்சுத் தொடரும். பெட்டை என்றால், "வேண்டாம் அண்ணை, குட்டி போட்டால் ஆர் பார்க்கிறது?" என்பதோடு முடியும். சந்தையடியிலும் கோயிலடியிலும் பெட்டைக்குட்டிகளைக் கொண்டுவந்து விட்டுப் போவது இந்தப் பயத்தால்தான். அந்தப் பயத்தின் பெறுமதி எத்தனை ரூபா என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

முதலில் சாப்பாடு. நம்முடைய ஊர் நாய் வளர்ந்தால் 15 கிலோ அளவில் நிற்கும். கருத்தடை செய்த 15 கிலோ நாய்க்கு, மிருக வைத்தியர்கள் கையாளும் சூத்திரத்தின்படி, நாளுக்கு ஏறத்தாழ 850 கிலோகலோரி தேவை. 150 கிராம் அரிசியை வடித்த சோறு 540 தரும். 150 கிராம் சூடை மீனை அவித்துச் சேர்த்தால் இன்னொரு 160. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120. அவ்வளவுதான். கறிக்குழம்பை ஊற்றாமல் இருப்பது நல்லது. வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும்.

வருடத்துக்குப் பெருக்கினால் அரிசி 55 கிலோ, மீன் 55 கிலோ. விலை எப்படியும் மாறும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். நிறை மாறாது. அதனால் நிறையைப் பிடித்துக்கொண்டு விலையை அவ்வப்போது போட்டுக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் அரசு விதித்த உச்ச விலையில் நாட்டரிசி கிலோ 230 ரூபா. ஆக அரிசிக்கு 12,650. மீனின் விலையைக் கடல்தான் தீர்மானிக்கும். கிலோவுக்கு 500 என்று வைத்தால் 27,500. எண்ணெயை விட்டுவிட்டால் வருடச் சாப்பாடு 40,150 ரூபா. ஒரு நாய் 12 வருடம் இருந்தால் 481,800 ரூபா.

இவ்வளவு பெரிய தொகைக்கு யாரும் பயப்படவில்லை என்பதுதான் நான் சொல்லவருவது. தென்மராட்சி வீட்டில் இது காசாகக் கையை விட்டுப் போவதில்லை. பானையில் ஒரு பிடி அரிசி கூடும், மீன் வெட்டும்போது தலையும் வாலும் தனியே போகும். கடுவனுக்கும் பெட்டைக்கும் அதே 55 கிலோதான். ஆனால் பெட்டைக்கு மட்டும் ஒரு செலவு முழுக் காசாக, ஒரே நாளில் வந்து நிற்கிறது: கருத்தடைச் சத்திரசிகிச்சை. கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். ஓட்டோக் கூலி, பிறகு போடும் மருந்து எல்லாம் சேர்த்து 15,000 என்றே வைத்துக்கொள்வோம். ஆயுட்காலச் சாப்பாட்டோடு பார்த்தால் இது 3.1 சதவீதம். இந்த மூன்று சதவீதத்துக்காகத்தான் ஓர் உயிர் படலைக்கு வெளியே நிற்கிறது.

அந்தச் செலவைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மேற்கு வங்கத்தில் தெருநாய்களின் 95 ஈற்றுகளை ஐந்து வருடங்கள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பிறந்தவை 364 குட்டிகள். இனப்பெருக்க வயதுவரை தப்பியவை 19 சதவீதம் மட்டுமே. இறப்புகளில் 63 சதவீதத்தில் மனிதரின் பங்கு, நேராகவோ மறைமுகமாகவோ, இருந்தது. அதை நம்முடைய பெட்டைக்குப் பொருத்திப் பாருங்கள். வருடத்துக்கு ஒரே ஈற்று என்று குறைத்தே எழுதினாலும், ஐந்து வருடத்தில் 19 குட்டிகள். அவற்றில் 15 செத்துப்போகும். 15,000 ரூபாவுக்கு எதிரே 15 குட்டிகளின் சாவு. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசியின் வரிசையில் பூச்சியம் ரூபா. சுகாதாரத் திணைக்களம் அதை இலவசமாகவே போடுகிறது. இலங்கையில் 1973இல் இந்த நோயால் இறந்தவர்கள் 377 பேர். அண்மைய வருடங்களில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியது பெரும்பாலும் நாய்களுக்குப் போட்ட ஊசியால்தான். பத்து நாய்க்கு ஏழு நாயாவது ஊசி பெற்றிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். படலைக்குள் ஒரு பெயரோடு வளரும் நாயைப் பிடித்து ஊசி போடலாம். கட்டாக்காலி நாயை யார் பிடிப்பது?

குட்டி நிரந்தர வீட்டுக்குப் போகும்வரை வைத்துப் பார்க்கும் தற்காலிக வீடு வேறொரு கணக்கு. அங்கே காசைவிட நாட்களும் இடமும் பெரியவை. புதிதாக எடுத்த குட்டியை 14 நாட்கள் மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும், பார்வோ என்ற வைரஸ் நோய்க்காக. வைத்தியம் இல்லாவிட்டால் பத்துக் குட்டியில் ஒன்பதைக்கூட அது கொண்டுபோகும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அதனால் பார்வோ வந்த வளவில் அடுத்த குட்டியை வைக்கக் கூடாது. சீமெந்துத் தரை என்றால் ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் விட்டுக் கழுவலாம், மண்ணை எப்படிக் கழுவுவது? தென்மராட்சியில் நாலு பரப்பு வளவு ஒன்றும் பெரிய விடயமில்லை. ஏக்கருக்கு 16 பரப்பு. நாலு பரப்பு என்றால் கால் ஏக்கர். அதன் ஒரு மூலையில் சீமெந்துத் தரையோடு ஒரு கொட்டில் இருந்தால் போதும்.

எல்லாவற்றையும் சரணாலயத்தில் விட்டுவிடலாமே என்பவர்கள் உண்டு. ஏ9 வீதியில் கொடிகாமம், மிருசுவில், பளை கடந்து போனால் இயக்கச்சி. அங்கே ஆறு. திருமுருகன் தலைமையிலான சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென்றே ஒரு சரணாலயம் நடத்துகிறது. நன்றியோடு சொல்ல வேண்டிய பணி. ஆனால் நம்முடைய அளவை அப்படியே பெருக்கினால், 100 நாய் இருக்கும் எந்த இடத்திலும் நாளுக்கு 15 கிலோ அரிசி, வருடத்துக்கு ஐந்தரைத் தொன். அங்கே ஒவ்வொரு கிலோவும் காசு. வீட்டுப் பானையில் மறையும் பிடி அரிசி அங்கே மறையாது. ஒரு நாயை ஒரு வருடம் அப்படி வைத்திருக்கும் காசில் இரண்டரைப் பெட்டைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துவிடலாம்.

சிக்கல் காலத்தில் இருக்கிறது. குட்டியை எட்டு, பத்து வாரத்தில் கொடுக்கிறோம். சத்திரசிகிச்சைக்கு ஐந்து, ஆறு மாதம் ஆக வேண்டும். முதற் பருவம் ஆறாம் மாதத்திலேயே வரக்கூடும். வாங்கும்போது "பிறகு செய்விக்கிறம்" என்று சொல்பவர் பொய் சொல்வதில்லை. அந்த மாதம் பிள்ளையின் ரியூசன் காசு முந்திவிடும். எனவே 15,000ஐ வீட்டுக்காரரிடம் எதிர்பார்க்காமல், குட்டி கைமாறும் அன்றே அதன் பெயரில் வைத்தியரிடம் கட்டிவிட வேண்டும். ஐந்தாம் மாதம் நாங்களே தொலைபேசி எடுத்து ஓட்டோவும் அனுப்ப வேண்டும். புலம்பெயர்ந்த உறவுகள் கோயில் கோபுரத்துக்கு அனுப்பும் காசில் ஒரு சிறு பங்கு இதற்கு வரலாம் என்று உரிமையோடு கேட்கிறேன்.

தென்மராட்சிப் பிரதேச செயலகத்தின் கீழ் 60 கிராம அலுவலர் பிரிவுகள் இருக்கின்றன. பிரிவுக்கு ஒரு பெட்டைக்குட்டி, முன்கூட்டியே காசு கட்டி, ஒரு வீட்டுக்குப் போகட்டும். மொத்தம் 900,000 ரூபா. காசு கொடுத்து வாங்கிப் போட்டால் 22 நாய்களுக்கு ஒரு வருடச் சாப்பாடு.