புல் ஹிம் அப்

1961-இல் நடந்த தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பில் என் தாத்தாவும் குளித்தவர். கல்லைப் பிடித்து மூழ்குவார். மூச்சு முட்டினால் கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்கும் மைத்துனர் மேலே இழுப்பார்.

இதை ஆங்கிலத் தேர்வில் 'புல் அப் ஹிம்' என்று எழுதினேன். மதிப்பெண் போயிற்று! 'புல் அப் தி டைவர்', 'புல் தி டைவர் அப்' இரண்டும் சரியே. 'ஹிம்' போன்ற பிரதிப்பெயர் வந்தாலோ, அது வினைக்கும் திசைச்சொல்லுக்கும் நடுவில்தான் நிற்கவேண்டும்: 'புல் ஹிம் அப்'.

தமிழில் ஏறு, இறங்கு, மூழ்கு ஆகிய வினைகளுக்குள்ளேயே திசை அடங்கிவிடுகிறது. ஆங்கிலப் பேச்சிலோ 'கோ அப்', 'கோ டவுன்' என்று திசையைத் தனியே, வினைக்குப் பின்னால் வைக்கிறார்கள். 'இழு' என்பதற்கு நமக்கும் 'மேலே' வேண்டும். ஆனால் அது முன்னால் வரும்.

தாத்தாவிடம் விளக்கினேன். "அசைத்தால் இழுக்கணும், அவ்வளவுதானேம்மா" என்றார்.