அதிர்ச்சிக்குழாயும் இலத்திரன் கணக்கும்

வாயுவொன்றை அயனாகுமளவுக்கு உலையிலிட்டுக் காய்ச்ச முயலின், வாயு அயனாகுமுன் உலையே உருகிவிடும். இவ்விடர்ப்பாட்டை நீக்கியது அதிர்ச்சிக்குழாய். பிரான்சிய அறிஞர் போல் வியேய் 1899இல் இதனை முதன்முதல் அமைத்தார். நீண்ட குழாயொன்றை மெல்லிய தகட்டினால் இரு கூறாக்கி, ஒன்றில் ஐதரசனை உயர்ந்த அமுக்கத்திலும் மற்றையதில் ஆகனைத் தாழ்ந்த அமுக்கத்திலும் அடைப்பர். தகடு கிழிந்ததும் ஆகனினூடே அதிர்ச்சி அலை பாயும். அவ்வலை ஒலியினும் 15 மடங்கு விரைந்து செல்லின், அலைமுகத்தின் பின்னுள்ள வாயு கணப்பொழுதில் ஏறத்தாழ 21,000 கெல்வினை எட்டும்.

ஆயினும் அக்கணமே வாயு அயனாவதில்லை. ஆகன் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பெயர்த்தற்கு 15.76 இலத்திரன் உவோற்றுச் சத்தி வேண்டும். அணுவொன்றுக்குச் சராசரியாகக் கிட்டுவதோ 3 உவோற்றுக்கும் குறைவு. எனவே அணுவோடு அணு மோதுவதால் விளையும் பயன் சிறிதே. சில இலத்திரன்கள் விடுபட்டபின், அவை பிற அணுக்களை மோதி மேலும் இலத்திரன்களைப் பெயர்க்க, வட்டிக்கு வட்டி ஏறுவதுபோலத் தொகை பெருகும். பெற்செக், பைரன் என்போர் 1957இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். ஆகன் அணு இலத்திரனிலும் ஏறத்தாழ 73,000 மடங்கு பாரமானது. ஆதலின் ஒரு மோதலில் அணுவிடமிருந்து இலத்திரன் பெறும் சத்தி மிகச் சொற்பம். அயனாக்கம் தாமதித்தற்கு இதுவும் ஒரு காரணம். முதல் இலத்திரன்கள் வாயுவிற் கலந்த மாசிலிருந்தும் வரக்கூடும். குழாயைத் துப்புரவு செய்யாதான் ஆகனை அளப்பதாக எண்ணி அழுக்கையே அளப்பான்!

இனி, அளக்கும் முறை. கோணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லின், றெஸ்லர், கன்ரொவிற்ஸ் ஆகியோர் 1955இல் வெளியிட்ட ஆய்வில், குழாயைச் சூழக் காந்தப்புலமொன்றை அமைத்தனர். அயனான வாயு அதனூடே விரையும்போது புலம் குலையும். அக்குலைவைக் கம்பிச்சுருளொன்றினால் உணர்ந்து வாயுவின் மின்கடத்துதிறனைக் கணித்தனர். ஆனால் கடத்துதிறன் தருவது இலத்திரன் செறிவை மோதல் வீதத்தால் வகுத்த ஈவையே. இரண்டையும் வேறுபிரித்தறிய நுண்ணலை உதவுகின்றது. வாயுவினூடே செல்லும் அலையின் வலு எவ்வளவு குன்றியது, அதன் அவத்தை எவ்வளவு பெயர்ந்தது என இரண்டு அளவுகள் கிடைப்பதால், தெரியாத இரண்டும் வெளிப்படும். இதற்கும் எல்லையுண்டு. கன சதமமீற்றரொன்றில் ஏறத்தாழ 1,20,000 கோடி இலத்திரன்கள் சேர்ந்தால், 3 சதமமீற்றர் அலை உட்புகாது திரும்பிவிடும். பின்னர் அதனிலும் குறுகிய அலைகளையே நாடவேண்டும். விண்கலம் வளிமண்டலத்துட் புகும்போது வானொலித் தொடர்பு அறுவதும் இவ்வாறே. 1962இல் ஜோன் கிளெனின் கலம் திரும்பியபோது அது நிகழ்ந்தது.

மோதல் வீதமும் வியப்புக்குரியது. மெதுவாகச் செல்லும் இலத்திரன்கள் ஆகனினூடே அணுக்கள் இல்லாதனபோலச் செல்லுமென்பதை றாம்சவர் 1921இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. ஆயின் அயன்களோ தம் ஏற்றத்தால் இலத்திரன்களைத் தொலைவிலிருந்தே ஈர்த்து வழிதிருப்புகின்றன. எனவே நூற்றிலோர் அணு அயனானாலே போதும்; எஞ்சிய தொண்ணூற்றொன்பதிலும் அந்த ஒன்றே இலத்திரனை மிகுதியுந் தடுக்கும்.