தீராத முதுகுவலி: மசாஜ் கைகொடுக்குமா, எப்போது கூடாது?

"எண்ணெய் தேச்சு நல்லா நீவி விட்டா சரியாப் போயிடும்" - முதுகுவலி என்றதும் வீட்டில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். இது உண்மையா?

ஓரளவு உண்மைதான். சித்த மருத்துவத்தில் தட்டல், பிடித்தல், அழுத்தல் என 9 வகை தொக்கணம் உண்டு. 3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலிக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் உடற்பயிற்சியோடு மசாஜையும் பரிந்துரைக்கிறது.

ஆனால் நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகம்தான். உடற்பயிற்சியை விட்டுட்டா வலி திரும்ப வந்துடலாம்.

எப்போது கூடாது?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைச்சதை வலித்தால் நீவவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டி இருந்தால், அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ எண்ணெயைத் தேடாதீங்க. உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்க.