மாத்தேரான் மலையில் ஒரு நாள்

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஊர் நினைவுதான் முதலில் வரும். ஆண்டில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நாட்களையும் சேர்த்து வைத்து, ஊர்த் திருவிழாவுக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ போய் வருகிறோம். பிழைக்க வந்த இந்தச் சீமையில் பார்க்கத் தக்கவை எவை என்று எண்ணிப் பார்க்கப் பொழுது இருப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். சென்னையிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் அம்மா, நான்கு ஆண்டுகளில் டோம்பிவிலியின் காய்கறிச் சந்தையையும் கோயிலையும் தவிர வேறொன்றும் கண்டாரில்லை. ஆகவே 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவும் நாங்களும் பிள்ளைகள் இருவருமாக ஐவர் மாத்தேரான் மலைக்குப் புறப்பட்டோம்.

விடியுமுன் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு கர்ஜத் செல்லும் லோக்கலில் ஏறினோம். கல்யாணைக் கடந்த பின் நகரத்தின் இரைச்சல் சிறிது சிறிதாக அடங்கி, வலப்புறத்தில் மலைத்தொடர் தலைகாட்டியது. நேரல் ஸ்டேஷனில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடிய ஓட்டத்தைச் சொல்லி முடியாது. பெரிய ரயிலுக்குப் பக்கத்திலேயே, விளையாட்டுப் பொருள் போல ஒரு சிறு ரயில் நின்றுகொண்டிருந்தது.

இம்மலை 1850-ஆம் ஆண்டில் தாணே ஜில்லாக் கலெக்டராயிருந்த ஹியூ மாலட் என்பவரால் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று என்பர். மாத்தேரான் என்ற மராத்திப் பெயருக்கு உச்சியில் உள்ள காடு என்று பொருள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூருக்கு ரயில் போட்டவர்கள் ஆங்கிலேயர் அல்லர். மும்பைச் செல்வரான சர் ஆதம்ஜி பீர்பாயின் பொருளுதவியால், அவருடைய புதல்வர் அப்துல் ஹுசேன் 1904-இல் தொடங்கி 1907-இல் இந்தப் பாதையை முடித்தார்.

நீலகிரி ரயிலில் சென்றவர்கள் இங்கே ஒரு வேற்றுமையைக் காணலாம். அங்கே கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில், தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு இஞ்சின் ஏறுகிறது. மாத்தேரான் பாதையில் பற்சட்டம் கிடையாது. தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலமும் இரண்டே அடி. மலையைச் சுற்றிச் சுற்றி வளைந்து வளைந்துதான் வண்டி உயரத்தை எட்டுகிறது. சுமார் 21 கிலோமீட்டரைக் கடக்க இரண்டரை மணி நேரத்திற்கு மேல் ஆகிறது. ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் என்று வழியில் மூன்று ஸ்டேஷன்கள். 2005 ஜூலை வெள்ளத்தில் பாதை அடித்துச் செல்லப்பட்டு 2007-இல் மீண்டும் திறந்தார்கள். 2019 மழையில் மறுபடியும் பழுதாகி, 2022 அக்டோபரில்தான் நேரலிலிருந்து வண்டி ஓடத் தொடங்கியது. ரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் வீட்டாராகிய எங்களுக்கு இவற்றையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்வதில் ஒரு தனிப் பெருமை.

"உங்கள் கொள்ளுத் தாத்தாவும் எழும்பூர் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்தான்" என்று அன்றும் சொன்னோம். அம்மாவைப் பெற்றவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவே. அம்மா ஒன்றும் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைமேல் இறங்கியதும் முதலில் உணர்ந்தது அமைதி. மாத்தேரானில் மோட்டார் வண்டிகள் நுழைய முடியாது. காரில் வருவோர் ஊருக்கு வெளியே தஸ்தூரி என்னுமிடத்தில் அதை நிறுத்திவிட வேண்டும். 2003-இல் மத்திய அரசு இம்மலையையும் சுற்றுப்புறத்தையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. ஹாரன் ஒலியும் புகையும் இல்லை. காலடியில் செம்மண், தலைக்கு மேல் மரக்கிளைகள், கிளைக்குக் கிளை குரங்குகள். கையிலுள்ள பொட்டலத்தைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வது நலம்.

மோட்டார் இல்லாத ஊரில் நடக்க இயலாதவர்கள் என்ன செய்வது? குதிரை உண்டு. மனிதர் இழுக்கும் கைவண்டியும் அப்போது இருந்தது. 2022-இல் உச்ச நீதிமன்றம் சோதனை முறையில் மின் ரிக்‌ஷாக்களை அனுமதித்தது. ஆயினும் நாங்கள் போன சமயத்தில், காட்சி முனைகளுக்குச் செல்லும் மண் பாதைகளில் குதிரையையும் கைவண்டியையும் தவிர வேறு வாகனத்தைக் காணோம். லூயிசா முனையைப் பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். போக இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. அம்மாவுக்கோ முழங்கால் வலி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு கைவண்டிக்காரர் அருகில் வந்து கூலியைச் சொன்னார். பின்னே நின்று தள்ளுவதற்கு ஓர் இளைஞரும் உடன் இருந்தார். நாங்கள் சம்மதித்து அம்மாவைப் பார்த்தோம்.

"நான் அதில் ஏறமாட்டேன்ப்பா" என்றார் அம்மா.

"வலியோடு எப்படி அம்மா நடப்பீர்கள்?" என்றோம்.

"எங்கள் அப்பா இழுத்த வண்டி அது. எழும்பூர் ரயிலடியில் நின்று சவாரி இழுத்தார். அதில் நான் எப்படி ஏறுவேன்?"

நாங்கள் வாயடைத்து நின்றோம். ரயிலடியில் வேலை என்று இத்தனை ஆண்டுகளாக நாங்கள் கேட்டிருந்தது பொய்யன்று. அதன் பொருளைத்தான் நாங்களாக வேறு விதமாகக் கொண்டிருந்தோம்.

அம்மா ஏறாவிட்டால் அந்த மனிதருக்குக் கூலி இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் முகம் வாடிவிட்டது. அம்மாவே வழி சொன்னார். "சாப்பாட்டுப் பையையும் தண்ணீரையும் வண்டியில் வைக்கட்டும். பேசிய கூலியைக் கொடுத்துவிடு. நான் மெல்ல நடந்து வருகிறேன்." அப்படியே சார்லட் ஏரிக்கு நடந்தோம். ஊருக்குக் குடிநீர் தருவது அந்த ஏரிதான். பக்கத்தில் பிசார்நாத் கோயில். கற்பூரம் காட்டி வழிபட்டுவிட்டு நிழலில் இளைப்பாறினோம். காலி வண்டியில் ஏறத் துடித்த பையனை அம்மா ஒரு பார்வையிலேயே நிறுத்திவிட்டார்.

அங்கேதான் பேச்சு தொடங்கியது. அம்மாவுக்கு மராத்தி தெரியாது. வண்டிக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஐந்தாம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைகள் தமிழைவிட மராத்தியைச் சரளமாகப் பேசுகின்றனவே என்று நம் வீடுகளில் குறைப்பட்டுக்கொள்கிறோம். அன்று அந்த மராத்தி இல்லையேல் அம்மாவின் கதை அவரைச் சேர்ந்திராது.

தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டிலேயே கைரிக்‌ஷா ஒழிக்கப்பட்டதையும், தம் தந்தைக்கு அதற்குப் பதிலாகச் சைக்கிள் ரிக்‌ஷா கிடைத்ததையும் அம்மா சொன்னார். அப்போது அவருக்குப் பதினொரு வயது. புது வண்டி வந்த அன்று தம்மை அதில் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றி வந்தாராம்.

வண்டிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சைக்கிள் வண்டியை இனாமாகக் கொடுத்தார்களா, கடனாகவா?"

"இனாம்தான் என்று சொல்" என்றார் அம்மா.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, இந்த வண்டி போவதில் தமக்கு வருத்தமில்லை என்றும், மின் ரிக்‌ஷா யார் கைக்குப் போகும் என்பதே தங்கள் கவலை என்றும் சொன்னார். மகள் அதை அப்படியே தமிழில் சொன்னாள்.

லூயிசா முனையில் நின்று பார்த்தால் காலடியிலிருந்து பாறை செங்குத்தாக இறங்குகிறது. எதிரே பள்ளத்தாக்கைத் தாண்டிப் பிரபல் கோட்டை மலை நிற்கிறது. காற்றின் வேகத்தில் பேச்சு காதில் விழவில்லை. விளிம்பிலிருந்து நன்றாக விலகி அமர்ந்து ஐவரும் உண்டோம். வண்டிக்காரர்களுக்கும் புளியோதரை கொடுத்தோம். இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் ஒரு மேட்டில் அம்மாவின் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. பொழுதும் சாயத் தொடங்கிவிட்டது. வண்டிக்காரர் வண்டியைத் தாழ்த்தி நிறுத்திவிட்டு மகளிடம், "பாட்டியை உட்காரச் சொல். மகள் உட்கார்ந்தால் தகப்பனுக்குப் பாரமில்லை" என்றார்.

அம்மா ஏறினார். இரு கைகளாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். பின்னே தள்ளிய இளைஞரோடு நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். இருபது அடி தள்ளுவதற்குள் எங்களுக்கு மூச்சு வாங்கியது. முன்னே இழுத்தவர் ஒரு தரம்கூட நிற்கவில்லை. கடைத்தெருவில் இறங்கியதும் அம்மா தம் சுருக்குப் பையிலிருந்த பணத்தை எடுத்து அவர் கையில் வைத்து, கும்பிட்டார். அவரும் கும்பிட்டார்.

இரவு லோக்கலில் பிள்ளைகள் உறங்கிய பின், "ஏன் அம்மா இதை எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டோம்.

"சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் ரிக்‌ஷாக்காரன் மகள் என்று சொல்லாதே என்று அப்பாதான் சொன்னார். அவர் போன பிறகும் சொல்ல வாய் வரவில்லை" என்றார்.

மாத்தேரான் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு இரண்டொரு குறிப்புகள். குளிர்காலமே ஏற்றது. மழைக்காலத்தில் நேரலிலிருந்து மலை ரயில் ஓடாது. அமன் லாட்ஜுக்கும் மாத்தேரானுக்கும் இடையில் மட்டுமே ஓடும். திரும்பும்போது நாங்கள் செய்தது போல, அமன் லாட்ஜ் வரை ரயிலிலும் அங்கிருந்து நேரலுக்கு வாடகைக் காரிலும் இறங்கலாம். செம்மண் புழுதி வெள்ளைத் துணியை விடாது. வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். நடையை மட்டும் அவர்கள் காலுக்குத் தக்கபடி வகுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் போய் வந்து எட்டு மாதங்கள் கழித்து, 2025 ஆகஸ்டில், மாத்தேரானில் மனிதரை மனிதர் இழுக்கும் வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் நிறுத்த வேண்டும் என்றும், இழுப்பவர்களுக்கு மறுவாழ்வு தர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவிட்டது. செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "நம் வண்டிக்காரருக்குப் புது வண்டி கிடைக்குமா?" என்றார்.

எங்களிடம் விடை இல்லை. மறுபடியும் ஒரு நாள் மலையேறி, அவரையே தேடிக் கேட்டு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். மொழிபெயர்க்கத் தானும் வருவதாக மகள் சொல்லிவிட்டாள்.