நாற்றுக்குக் காவலாகும் நற்பங்கசு

பங்கசு என்றாலே பயிரைக் கெடுப்பது என்று மலைநாட்டார் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய துருநோய், சுமார் இருபது ஆண்டுகளில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டது. கோப்பி நின்ற சரிவுகளில் தேயிலை எழுந்தது. அத்தேயிலையையும் 1946ஆம் ஆண்டில் கொப்புள நோய் பற்றியது. இவ்விரண்டும் பங்கசுகளால் விளைந்தவையே.

ஆயினும் பங்கசுகள் யாவும் பகையல்ல. பயிரை அழிக்கும் பங்கசையே உணவாகக் கொள்ளும் பங்கசும் மண்ணில் உண்டு. அவற்றுள் முதன்மையானது திரைக்கோடெர்மா.

நாற்றுமேடையில் நேரும் இழப்பு

நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் மழை தொடர்ந்தால் நாற்றுமேடை எளிதில் உலர்வதில்லை. அவ்வேளையில் முளைத்து ஈரிலை விரித்த கோவா, தக்காளி நாற்றுகளின் அடித்தண்டு நீர்கோத்து மெலிந்து, நாற்றுகள் சாய்ந்து விழும். ஓரிடத்தில் தொடங்கும் அழுகல் வட்டமாகப் பரவும். ரைசோக்டோனியா, பித்தியம் முதலிய மண்வாழ் நுண்ணங்கிகளே இதற்குக் காரணம். பள்ளத்து வயல்களில் நெல்லின் இலையுறை கருகுவதும் ரைசோக்டோனியாவினாலேயே.

நாற்று மடிந்தால் விதைக்கிட்ட பணம் மட்டுமன்று, நடும் பருவமும் கைநழுவும். லயத்தருகே சிறு துண்டு நிலத்தில் மரக்கறி செய்வோர்க்கு இது பேரிழப்பாகும்.

நற்பங்கசு செய்யும் வேலை

1932ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சையின நாற்றுகளின் அழுகலை ஆராய்ந்த ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பார், திரைக்கோடெர்மா ரைசோக்டோனியாவை ஒட்டுண்ணியாகப் பற்றி அழிப்பதை வெளியிட்டார். அதன் இழை பகைப்பங்கசின் இழையைக் கொடிபோற் சுற்றிக்கொள்ளும். நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைத்து உள்ளிருப்பதை உண்ணும். அன்றியும் விரைந்து வளர்ந்து வேரைச் சூழ்ந்த இடத்தையும் உணவையும் முன்னதாகவே கைக்கொள்ளும். புளிப்புத்தன்மையுள்ள மண் அதற்கு ஏற்றது. தேயிலை நாட்டின் மண்ணும் அத்தகையதே.

இடும் முறை

1. விதைப்பதற்கு முன் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் திரைக்கோடெர்மாத் தூளைக் கலக்கவேண்டும். நிலத்துக்கு இடுவதாயின் ஒரு ஹெக்டேயருக்கு 2.5 கிலோ தூளை 50 கிலோ மக்கிய தொழுவெருவுடன் கலந்து தூவவேண்டும். இவை கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவுகள்.

2. எரு நன்கு மக்கியதாகவும், கையிற் பிடித்தால் ஈரம் தெரிவதாகவும் இருத்தல் வேண்டும். உலர்ந்த மண்ணில் பங்கசு பெருகாது.

3. தூளில் இருப்பது உயிர். ஆகவே வெயிலில் வைக்கலாகாது. பொதியிற் குறித்த காலம் கடந்ததை வாங்கலாகாது. பங்கசுகொல்லி மருந்துடன் கலந்தால் பகையுடன் நண்பனும் மடியும்.

4. நாற்றுமேடையை உயர்த்தி, நீர் வடிய வழிசெய்து, விதையை ஐதாக விதைக்கவேண்டும். நீர் தேங்கும் மேடையை எந்தப் பங்கசும் காக்காது.

இதனால் ஆகாதவை

மண்ணிலிட்ட நற்பங்கசைக்கொண்டு எல்லா நோயையும் தடுக்க இயலாது. உருளைக்கிழங்கின் பின்வெளிறல் நோயும் தேயிலையின் கொப்புள நோயும் காற்றின்வழி இலைமேல் வந்திறங்குபவை. அவற்றுக்கு வேறு பாதுகாப்பு வேண்டும்.

பச்சையாய் நின்ற உருளைக்கிழங்குச் செடி திடீரென வாடினால், அது பக்டீரியா வாடலாகவும் இருக்கலாம். அடித்தண்டில் ஒரு துண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் அசையாது தொங்கவிட்டால், சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை இழை கீழிறங்கும். அவ்வாறு இறங்கின் அது பக்டீரியா வாடலே. திரைக்கோடெர்மா வாங்கிப் பணத்தை வீணாக்காது, செடியைக் கிழங்கோடும் மண்ணோடும் அகற்றி அழித்து, அந்நிலத்தில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைத் தவிர்க்கவேண்டும். ஐயம் எழின் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் செடியைக் காட்டுதல் நலம்.

விழுந்த நாற்றை நற்பங்கசு எழுப்பாது. விழாமற் காக்கவே அது உதவும். வெள்ளம் வருமுன் அணைபோடுவது போல, விதை மண்ணில் விழுமுன்னரே அதை இட்டுவைக்கும் கமக்காரரே அதன் பயனைப் பெறுவர்.