பார்மசி காலேஜ் இன்டர்வியூ: கேட்பது என்ன? கேட்க வேண்டியது என்ன?

பி.யு.சி. ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆனதும் பெங்களூரில் தமிழர்கள் குடியிருக்கும் தெருக்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

பீனியாவில் லேத் பட்டறை வேலை முடிந்து ஒருவர் வீடு திரும்புகிறார். தெரிந்த ஆள் ஒருவர் வாசலில் காத்திருக்கிறார்.

"அண்ணே, சனிக்கிழமை பாப்பாவுக்கு பார்மசி காலேஜில் இன்டர்வியூ. அட்வான்ஸ் பணத்தை மட்டும் கையில் எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

"இன்டர்வியூவில் என்ன கேட்பாங்க தம்பி?"

"அதெல்லாம் சும்மா பேருக்குத்தான் அண்ணே. சீட்டு நம்ம பாக்கெட்டில் இருக்கு!"

அப்பா பி.எப். பணத்தை எடுக்கலாமா என்று யோசிக்கிறார். அம்மா தன் கை வளையலைப் பார்த்துக்கொள்கிறார். மகள் கதவோரம் நிற்கிறாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்குள் இந்த மூன்று பேரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

எந்த சீட்டுக்கு இன்டர்வியூ?

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு இன்டர்வியூ கிடையாது. கர்நாடகத்தில் பி.பார்ம்., பார்ம்.டி. படிப்புகளுக்கு மாநிலத் தேர்வு ஆணையம் சி.இ.டி. தேர்வு நடத்துகிறது. ரேங்க், சான்றிதழ் சரிபார்ப்பு, கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் என்ற வரிசையில் இடம் கிடைக்கிறது. மும்பையில் உள்ளவர்களுக்கு மகாராஷ்டிர மாநில சி.இ.டி. தேர்வு. தமிழ்நாட்டில் பிளஸ் 2 மார்க்கை வைத்து பி.பார்ம்.முக்கு கவுன்சலிங் நடக்கிறது.

நிர்வாகம் நிரப்பும் இடங்களுக்கும், தனியார் பல்கலைக்கழகங்களின் சொந்த இடங்களுக்கும்தான் நேரில் அழைத்துப் பேசுகிறார்கள். சில இடங்களில் இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில இடங்களில் பிரின்சிபால் மட்டும் இருப்பார். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆகவே, "கவர்மெண்ட் கோட்டாவில் இன்டர்வியூ வைத்து சீட்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடலாம்.

மூன்று படிப்பு, மூன்று வழி

இன்டர்வியூவில் பல மாணவர்கள் தடுமாறும் கேள்வி ஒன்று உண்டு. "டி.பார்ம்., பி.பார்ம்., பார்ம்.டி. இவற்றுக்கு என்ன வித்தியாசம்?" என்பதே அது.

டி.பார்ம். இரண்டு ஆண்டு டிப்ளமோ. அதன் பிறகு 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி. மருந்துக் கடை, ஆஸ்பத்திரி வேலைக்கு இது வழி. டிப்ளமோ முடித்தவர்களுக்கு தனியாக ஒரு வெளியேறும் தேர்வு வைப்பதற்கு 2022-ல் விதிமுறை வந்தது. சேருமுன் அதைப் பற்றியும் கேட்டுக்கொள்வது நல்லது.

பி.பார்ம். நான்கு ஆண்டுப் பட்டம். மருந்துத் தொழிற்சாலை, தரப் பரிசோதனைக் கூடம், மருந்து ஆய்வாளர் வேலை என்று பல கதவுகளை இது திறக்கும். மருந்து ஆய்வாளர் ஆக டிப்ளமோ போதாது, பட்டம் வேண்டும். டி.பார்ம். முடித்தவர் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி உண்டு. குடும்பத்தில் பணம் குறைவு என்றால் இரண்டு ஆண்டு படித்து, வேலைக்குப் போய், பிறகு பட்டம் படிக்கலாம்.

பார்ம்.டி. ஆறு ஆண்டு. கடைசி ஆண்டு ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். இந்தியாவில் இது 2008-ல் தொடங்கியது.

பிளஸ் 2-வில் இயற்பியல், வேதியியல், அத்துடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்களுக்கே இந்தப் படிப்புகள். "காமர்ஸ் படித்திருந்தாலும் பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் பணம் கொடுத்தால் போனது போனதுதான்.

என்ன கேட்பார்கள்?

முதல் கேள்வி: "உன்னைப் பற்றிச் சொல்." பெயர், படித்த பள்ளி, வீட்டு நிலை, பிடித்த பாடம் என்று நான்கு வாக்கியம் போதும். அப்பா லேத் ஆபரேட்டர் என்றோ, அம்மா கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறார் என்றோ சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாவது கேள்வி: "ஏன் பார்மசி?" நீட் எழுதி மெடிக்கல் கிடைக்காதவர்கள் பலர் வருவது எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. "கிடைக்கவில்லை, பிறகு பார்மசி என்றால் என்ன என்று விசாரித்தேன், வேதியியல் எனக்குப் பிடிக்கும்" என்று அடுத்த வாக்கியமும் வர வேண்டும். மனப்பாடம் செய்த பெரிய பேச்சை விட இது மேல்.

மூன்றாவது, பாடக் கேள்விகள். அமிலம், காரம், பி.எச். என்றால் என்ன? ஆன்டிபயாடிக் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது? (பாக்டீரியா கிருமியை எதிர்க்கும், ஜலதோஷத்துக்குக் காரணமான வைரஸை எதிர்க்காது.) பெனிசிலினைக் கண்டவர் யார்? (அலெக்சாண்டர் பிளெமிங், 1928.) பிளஸ் 2 வேதியியல் புத்தகத்தை முந்தின இரண்டு நாளில் ஒருமுறை புரட்டினால் போதும்.

நான்காவது, ஒரு மாத்திரை அட்டையைக் காட்டி "இதில் என்னென்ன பார்ப்பாய்?" என்று கேட்கலாம். மருந்தின் பெயர், அளவு, பேட்ச் நம்பர், தயாரித்த தேதி, காலாவதி தேதி, தயாரித்த கம்பெனி, விலை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். பிராண்ட் பெயர் வேறு, மருந்தின் பெயர் வேறு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை அட்டையை எடுத்து இன்றே படித்துப் பழகலாம்.

ஐந்தாவது கேள்விதான் ஆளை எடை போடும் கேள்வி. "இரவு பத்து மணி. தெரிந்தவர் ஒருவர் கடைக்கு வருகிறார். டாக்டர் சீட்டு இல்லை. தூக்க மாத்திரை கேட்கிறார். என்ன செய்வாய்?"

பக்கத்து வீட்டுக்காரர், பாவம் என்று கொடுப்பேன் என்பவருக்கு இந்தத் தொழில் புரியவில்லை என்று அர்த்தம். 1945-ம் ஆண்டு மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. "கொடுக்க மாட்டேன், டாக்டரைப் பார்க்கச் சொல்வேன்" என்பதே சரியான பதில். வேலை முடிந்து வரும் தொழிலாளி டாக்டரிடம் போகாமல் மருந்துக் கடைக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அந்தத் தெருவில் வளர்ந்த பெண்ணுக்கு இந்தக் கேள்வியின் கனம் மற்றவர்களை விட நன்றாகவே தெரியும்.

பேச்சு ஆங்கிலத்தில் இருக்கலாம். நடுவில் கன்னடத்திலும் கேட்கலாம். கேள்வி புரியாவிட்டால் "மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். உள்ளே அப்பாவை அழைத்தாலும் மகளுக்குப் பதிலாக அவர் பேசக் கூடாது.

காகிதம் பத்திரம்

வெளி மாநிலத் தமிழர்களுக்குப் பெரும் தலைவலி பெயர்தான். எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டில் "எம். செல்வி", ஆதாரில் "செல்வி முருகன்", ஜாதிச் சான்றிதழில் "மு. செல்வி". நமக்கு மூன்றும் ஒருவரே. சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு மூன்று பேர்! இன்டர்வியூவுக்கு முன்பே இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

கர்நாடக ஒதுக்கீட்டுக்கு முக்கியமான வழி படிப்புக் காலம். ஒன்றாம் வகுப்பு முதல் இரண்டாம் பி.யு.சி. வரை குறைந்தது 7 ஆண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், எஸ்.எஸ்.எல்.சி. அல்லது இரண்டாம் பி.யு.சி.யை இங்கே தேறியிருக்க வேண்டும். பாதிப் படிப்பை ஊரில் பாட்டி வீட்டில் முடித்த பிள்ளைகள் ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் வாங்கி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் விண்ணப்பித்தால் பூர்வீகச் சான்றிதழ் கேட்பார்கள்.

ஜாதிச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. தமிழ்நாட்டு தாசில்தார் கொடுத்த ஆதிதிராவிடர் சான்றிதழுக்கு கர்நாடகத்திலோ மகாராஷ்டிரத்திலோ மாநில ஒதுக்கீடு கிடைக்காது. ஆந்திரத்திலிருந்து சிறுவயதில் மும்பைக்குக் குடிபெயர்ந்த பழங்குடி மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரி வழக்கில் 1990-ல் சுப்ரீம் கோர்ட் இப்படித் தீர்ப்புக் கூறியது. சொந்த மாநிலத்திலும், மத்திய அரசு நிறுவனங்களிலும் அந்தச் சலுகை உண்டு. 1950-க்கு முன்பே இங்கு குடியேறிய குடும்பமாக இருந்தால், தங்கள் ஜாதி இந்த மாநிலப் பட்டியலில் உள்ளதா என்று தாலுகா ஆபீசில் விசாரிக்கலாம். இதை அறியாமல் கடைசி நாளில் கவுண்டரில் நின்று கண்கலங்குபவர்கள் உண்டு.

கல்லூரியை நீங்கள் கேளுங்கள்

இன்டர்வியூ என்றால் அவர்கள் மட்டும் கேட்பதல்ல. பணம் கட்டுகிறவரும் கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: "இந்தப் படிப்புக்கு, இந்த ஆண்டுக்கு, இந்திய பார்மசி கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா?" 1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி அந்த கவுன்சில் அங்கீகரித்த படிப்பைப் படித்தவரே பதிவு பெற்ற மருந்தாளுநர் ஆக முடியும். அங்கீகாரம் இல்லாத இடத்தில் நான்கு ஆண்டு படித்தாலும் மாநில கவுன்சிலில் பதிவு கிடைக்காது. பதிவு இல்லாவிட்டால் மருந்து கொடுக்கும் உரிமை இல்லை. கல்லூரிக்கு பி.பார்ம். அங்கீகாரம் இருந்தும் பார்ம்.டி.க்கு இல்லாமல் இருக்கலாம். எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும். கவுன்சிலின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பையனின் போனில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது: "எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு?" மூன்றாவது: "பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரி?" நான்காவது: "நான்கு ஆண்டுக்கும் மொத்தச் செலவு எவ்வளவு?" முதல் ஆண்டுக் கட்டணத்தை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடுவது உண்டு. எல்லாவற்றையும் எழுதி வாங்குவது நல்லது.

பணத்துக்கு ரசீது

கர்நாடகத்தில் 1984-ம் ஆண்டுச் சட்டம் கேபிடேஷன் கட்டணத்தைத் தடை செய்கிறது. நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் 'டொனேஷன்' கேட்பது குற்றம். எந்தப் பணமானாலும் கல்லூரி பெயரில் டிராப்டாகவோ வங்கி மூலமாகவோ கட்டி, ரசீது வாங்க வேண்டும். தெரிந்தவர் கையில் ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு சாட்சி கிடையாது.

ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவித்திருக்கிறது. பையில் ஜெராக்ஸ் இரண்டு செட் இருக்கட்டும். ஒரிஜினலை யார் கேட்டாலும் பார்த்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் இன்டர்வியூ வீட்டில்

சனிக்கிழமை வருவதற்குள், வெள்ளிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா மகளிடம் ஒரு கேள்வி கேட்கட்டும். "உனக்கு இது பிடிச்சிருக்காம்மா?"

அவள் என்ன சொல்கிறாள் என்று பொறுமையாகக் கேட்கட்டும். பிடிக்கவில்லை என்றால் அம்மாவின் வளையல் மிச்சம். பிடித்திருக்கிறது என்றால், ஏன் என்று அவளே சொல்வாள். மறுநாள் காலேஜில் சொல்ல வேண்டிய பதிலும் அதுவே.