அடி விழுகிறது, வலி எங்கே?

சினிமாவில் கார் வெடித்துச் சிதறும். கதாநாயகன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நிதானமாக நடந்து வருவான். தியேட்டரில் விசில் பறக்கும். சிவகாசிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இந்த ஒரு காட்சி மட்டும் ஒட்டுவதே இல்லை, சகோதரிகளே!

இங்கே தூரத்தில் 'டமார்' என்று சத்தம் கேட்டால் ஜன்னல் கதவு அதிரும். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடுவோம். புகை எந்தத் திசையில் எழும்புகிறது, அந்தப் பக்கத்துப் பட்டாசு ஆபீசுக்கு யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று மனசு கணக்குப் போடும். (ஆலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.) 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்களே இல்லை. சத்தம் கேட்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிப் போனவர்கள்.

அதற்காகப் பிள்ளைகள் சண்டைக் கதையே படிக்கக் கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை நான். தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சண்டைக் கதை அனுப்பி வைத்ததே எங்கள் சிவகாசிதானே! 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ், இரண்டும் இங்கே பிறந்தவை. இரும்புக்கை மாயாவி மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தச் சக்தி கிடைத்ததும் ஆரம்பத்தில் அவர் இறங்கியது குற்றத்தில்தான். பிறகுதான் நல்ல பக்கம் வந்தார்.

"சக்தி கிடைச்சதும் முதல்ல ஏம்மா தப்புப் பண்றாரு?" என்றான் என் சின்னவன்.

"உன்னை யாரும் பார்க்கலேன்னா நீ என்னடா செய்வே?" என்று திருப்பிக் கேட்டேன். அன்று சாயங்காலம் பூரா அதே பேச்சுதான். நீதிக் கதைப் புத்தகத்தால் கூட அவனை அவ்வளவு யோசிக்க வைக்க முடிந்ததில்லை! ஒன்று மட்டும் மறக்காதீங்க. மின்சாரம் பட்டால் மறைய மாட்டோம், உயிர்தான் போகும் என்று குழந்தைக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்.

என் குறை வேறே. பத்து அடியாட்கள் பறந்து விழுகிறார்கள்; ஒருத்தனுக்கும் வலிப்பதில்லை. அவனுக்கும் வீட்டில் சோறு மூடி வைத்துக் காத்திருக்கும் அம்மா இருப்பாளே! கதாநாயகன் அடித்தால் தர்மம், வில்லன் அடித்தால் அக்கிரமம் என்றால், பலசாலி செய்வதெல்லாம் நியாயம் என்றல்லவா பிள்ளை எடுத்துக்கொள்ளும்? அதனால் சண்டைக் காட்சி முடிந்ததும், "அடிபட்டவனை யாருடா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது?" என்று கேட்டு வைக்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது பதில் சொல்கிறார்கள்.

வலியை மறைக்காத கதையும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவில்பட்டிக்காரர் பூமணி 1982-ல் எழுதிய 'வெக்கை'. அண்ணனைக் கொன்ற நிலக்காரனின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போகிறான் பதினைந்து வயசுப் பையன். ஆள் செத்தே போகிறான். இது ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். அப்புறம் முழுக்க, அப்பாவும் மகனும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரிவதுதான். எதைத் தின்பது, எங்கே படுப்பது, வீட்டில் இருப்பவர்கள் கதி என்ன என்ற தவிப்புதான். 2019-ல் வெற்றிமாறன் இதை வைத்து 'அசுரன்' எடுத்தார். படத்தில் சண்டை பெரிசு. எனக்கு நாவல்தான் பிடித்தது.

பத்தாம் வகுப்பு தாண்டிய பிள்ளைகளிடம் தாராளமாகக் கொடுக்கலாம். அதற்கு முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தான், நாலைந்து மத்தியானத்தில் முடிந்துவிடும்.